வீடு கட்டித் தராத வீடமைப்பு அதிகாரி

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வழியில், ஹுன்னஸ்கிரியப் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் லயன்களைக் காணுந்தோறும் நமக்கு ஓர் அதிகாரியின் நினைவு எழுகின்றது. அவர் சுசில் சிறிவர்தன.

1979இல் அமைந்த தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் பொது முகாமையாளராக விளங்கிய அவர், 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்துக்கு உழைத்தவர். அதன் கொள்கை எளிது: வீட்டைக் குடும்பமே கட்டட்டும், அரசு சிறு கடனும் ஆலோசனையும் தந்து துணைநிற்கட்டும். கட்டளையிட்டே பழகிய உத்தியோகத்தர், ஏழையின் சொல்லைச் செவிமடுக்க வேண்டியதாயிற்று.

நன்று! ஆயினும், லயனில் பிறந்து லயனிலேயே மூப்படையும் தொழிலாளிக்குச் சொந்த நிலம் ஏது? நிலமில்லாதவன் தன் வீட்டைத் தானே திட்டமிடுவது எங்ஙனம்? காணி உறுதி அவன் கைக்கு வந்த பின்னரே, அக்கொள்கை தோட்டத்திலும் முழுப்பயன் தரும் என்போம்.