வந்தவர்தான் மறுபடியும் வந்தாரா?

நவராத்திரிக் கொலுவுக்கு வந்தவர்களில் இரண்டாம் தடவை வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், நீங்கள் யோசிக்காமல் சொல்லி விடுவீர்கள். முகம் தெரியுமே! நேற்று நீலப் புடவை, இன்று மஞ்சள் புடவை என்றாலும் எதிர்வீட்டு மாமி எதிர்வீட்டு மாமிதானே?

வாசலில் ஒரு பையனை உட்கார வைத்திருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். சமர்த்துப் பையன், ஆனால் முகம் மட்டும் நினைவில் நிற்காது. ஆகையால் வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நம்பர் எழுதிய சீட்டைக் கொடுக்கிறான். மறுநாள் அந்தச் சீட்டோடு வந்தால் பழையவர். சீட்டு இல்லையென்றால் புதியவர். மாமி சீட்டை வேறு கைப்பையில் வைத்துவிட்டு வந்தால் போச்சு!

இணையதளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கருவி இந்தப் பையன்தான். அவன் கொடுக்கும் சீட்டுக்கு 'குக்கீ' என்று பெயர். தின்பண்டம் அல்ல! 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த லூ மான்டுல்லி என்பவர் இதைக் கண்டுபிடித்தார். வேடிக்கை என்னவென்றால், நெட்ஸ்கேப் தளத்துக்கு வந்தவர் முன்பே வந்தவர்தானா என்று பார்க்கத்தான் அது முதன்முதலில் உபயோகமாயிற்று.

இந்த விஷயமெல்லாம் எனக்குப் புரிந்தது ஒரு ரசப்பொடி விவகாரத்தில்.

எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருத்தி வீட்டிலேயே பொடி வகைகள் தயாரித்து விற்கிறாள். பிள்ளை ஓர் இணையதளம் அமைத்து, கூகிள் அனலிடிக்ஸ் என்ற கணக்கெடுக்கும் கருவியையும் அதில் வைத்துக் கொடுத்திருக்கிறான். தீபாவளி முடிந்த கையோடு நான் போனபோது அந்த அம்மாள் முகம் வாடியிருந்தது.

"பாருங்கள், மீண்டும் வந்தவர்கள் என்ற இடத்தில் எவ்வளவு குறைந்து விட்டது! ஒரு தரம் வாங்கினவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. என் கைமணம் அவ்வளவுதான். நாளைக்கே கடையைக் கட்டி விடப் போகிறேன்" என்றாள்.

பிள்ளையும் நானும் உட்கார்ந்து ஆராய்ந்தோம். முதலில் அகப்பட்டது தீபாவளி விளம்பரம். முந்தைய மாதம் 100 பேர் வந்து, அவர்களில் 40 பேர் பழையவர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள், நூற்றுக்கு 40. விளம்பரம் பார்த்து மொத்தம் 400 பேர் வந்தால், அதே 40 பேர் தவறாமல் வந்திருந்தாலும் நூற்றுக்கு 10 ஆகிவிடும். ஒருவரும் கைவிடவில்லை, கூட்டம்தான் பெருத்தது!

அடுத்தது சீட்டு தொலையும் கதை. மத்தியானம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு ராத்திரி கைபேசியில் வாங்குகிறவள் இரண்டு பேராகிறாள். இன்ஸ்டாகிராமில் வந்த இணைப்பை அதற்குள்ளேயே திறந்தால் அதற்குத் தனிச் சீட்டு. எல்லாவற்றையும்விட மோசம் இது: கூகிள் கொடுக்கும் சீட்டுக்கு 2 வருஷம் ஆயுள் உண்டு. ஆனால் ஆப்பிள் கைபேசியிலுள்ள சஃபாரி, 2019 முதல், இடையில் நீங்கள் வராமல் 7 நாள் கழிந்தால் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டு விடுகிறது. ஒரு பாக்கெட் ரசப்பொடி 7 நாளிலா தீர்ந்துவிடும்? இரண்டு மாதத்துக்கொரு தரம் தவறாமல் வாங்கும் மகராசி, ஒவ்வொரு தரமும் புத்தம் புதியவளாகவே எண்ணப்படுகிறாள்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. ஒரே கம்ப்யூட்டரில் காலையில் மாமியாரும் மாலையில் மருமகளும் பார்த்தால், ஒருத்தியே இரு முறை வந்ததாகக் கணக்கு. மாமியார் மருமகளை இவ்வளவு ஒற்றுமையாகச் சேர்த்துவைத்த யந்திரம் வேறு உண்டோ?

வழி இல்லாமல் இல்லை. வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அவர் லாகின் செய்யும்போதெல்லாம் அந்த எண்ணைக் கருவிக்குத் தெரிவிக்கலாம். எந்தக் கைபேசியில் வந்தாலும் ஒருவராகவே தெரிவார். டெலிபோன் நம்பரையோ மின்னஞ்சல் முகவரியையோ அந்த எண்ணாக வைக்கக் கூடாது. கூகிள் அதை அனுமதிப்பதில்லை. ஆனால் லாகின் செய்யாமல் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதில் சிக்க மாட்டார்கள்.

அதுவரை பொறுக்க அந்த அம்மாளுக்கு மனமில்லை. அவளுடைய ஆர்டர் நோட்டைப் புரட்டினோம். ஆடி மாதத்தில் முதன்முதலாக வாங்கியவர்களை ஒரு பக்கத்தில் எழுதி, தீபாவளிக்குள் மறுபடி வாங்கியவர்களுக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தோம். டெலிபோன் நம்பர் மாறியிருந்தாலும் விலாசம் காட்டிக் கொடுத்தது. பெங்களூர்ப் பெண் ஒருத்தி பணம் கட்டுகிறாள். பொட்டலம் போவது மாம்பலத்துத் தாயாருக்கு! எண்ணிப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் புள்ளி விழுந்திருந்தது. அம்மாள் இரண்டு தரம் எண்ணினாள்.

பிறகு பிள்ளை ஒரு ரகசியத்தை அவிழ்த்து விட்டான். "அம்மா, நீ தினம் பத்துத் தடவை உன் கடையையே திறந்து பார்க்கிறாயே, அதுவும் மீண்டும் வந்தவர் கணக்கில்தான் சேருகிறது!"

வீட்டாரின் வருகையை ஒதுக்கி வைக்கக் கருவியிலேயே ஏற்பாடு உண்டு. வீட்டு இணைப்பின் ஐ.பி. எண்ணைக் கொடுக்க வேண்டும். அது அடிக்கடி மாறுவதால் கவனம் தேவை. பிள்ளை அன்றே அதைச் செய்து முடித்தான். மறுநாள் மீண்டும் வந்தவர் எண்ணிக்கை இன்னும் இறங்கியிருந்தது. அம்மாள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிளகாய் வற்றலை உலர்த்த மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.