ஆன்ம சோதனை (கிறித்தவம்)

ஆன்ம சோதனை என்பது கிறித்தவர் ஒருவர் தம் எண்ணம், சொல், செயல் ஆகியவற்றைக் கடவுள் முன்னிலையில் திரும்பிப் பார்க்கும் இறைவேண்டல் முறையாகும். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கான தயாரிப்பாகவும், நாள் முடிவில் செய்யும் வேண்டலாகவும் இது வழக்கில் உள்ளது. இன்று பரவலாகப் பின்பற்றப்படும் முறை, இயேசு சபையைத் தோற்றுவித்த புனித லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) வகுத்ததாகும்.

விவிலியப் பின்னணி

ஆண்டவரின் திருவிருந்தில் பங்குகொள்ளுமுன் ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிய வேண்டும் என்று புனித பவுல் அறிவுறுத்துகிறார் (1 கொரிந்தியர் 11:28). 139ஆம் திருப்பாடலின் ஆசிரியரோ தம் உள்ளத்தை ஆராயும்படி கடவுளையே வேண்டுகிறார். மனிதர் தம்மை ஆராய்வது, கடவுள் தம்மை ஆராய இடம் கொடுப்பது ஆகிய இரண்டும் ஆன்ம சோதனையில் இணைகின்றன.

இஞ்ஞாசியாரின் அனுபவம்

போர்வீரராக இருந்த இஞ்ஞாசியார் 1521இல் பம்பலோனா போரில் பீரங்கிக் குண்டால் காலில் காயமடைந்தார். உடல் தேறியபின் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசா என்ற ஊரில் தங்கித் தவவாழ்வு மேற்கொண்டார். அதற்கு முன் மொன்செராத் மடத்தில் தம் வாழ்நாள் பாவங்களை எழுதி, மூன்று நாள்கள் எடுத்து அறிக்கையிட்டிருந்தார். ஆயினும் எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற அச்சம் அவரை வாட்டியது. திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி கிட்டவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட எழுந்தது. பழைய பாவங்களை மீண்டும் அறிக்கையிடுவதில்லை என்று முடிவு செய்தபோதுதான் விடுதலை பெற்றதாக அவரது தன்வரலாறு கூறுகிறது.

ஐந்து படிகள்

இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்தார். அதில் பொதுவான ஆன்ம சோதனை ஐந்து படிகளாகத் தரப்பட்டுள்ளது:

1. பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி கூறுதல்.
2. பாவங்களை அறிந்து விலக்க அருள் வேண்டுதல்.
3. எழுந்த நேரம் முதல் அந்த நேரம் வரை, எண்ணம், சொல், செயல் என்ற வரிசையில் நாளை ஆராய்தல்.
4. குற்றங்களுக்கு மன்னிப்புக் கேட்டல்.
5. இறையருளால் திருந்த உறுதிகொண்டு, இயேசு கற்பித்த இறைவேண்டலைச் சொல்லி முடித்தல்.

பாவத்தை ஆராய்வது மூன்றாவது படியாகவே வருகிறது. நன்றியும் அருளுக்கான வேண்டுதலும் அதற்கு முந்தியவை. எனவே இது ஒருவர் தமக்குத் தாமே நடத்தும் விசாரணை அன்று. தம்மை நேசிப்பவரோடு நடத்தும் உரையாடல் ஆகும்.

தனிச் சோதனை

ஒரு குறிப்பிட்ட குறையை மட்டும் களைவதற்கான முறையும் அந்நூலில் உள்ளது. காலையில் அக்குறையைத் தவிர்க்க உறுதிகொள்ள வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும், எத்தனை முறை தவறினோம் என்பதைக் கோட்டின் மேல் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். நாளுக்கு இரண்டு கோடுகள் வீதம், நாளோடு நாளும் வாரத்தோடு வாரமும் ஒப்பிட்டு முன்னேற்றம் அறியப்படுகிறது.

எச்சரிக்கை

பாவம் அல்லாததைப் பாவம் என்று கருதி வருந்தும் நிலை குறித்தும் இஞ்ஞாசியார் குறிப்புகள் எழுதியுள்ளார். அளவுக்கு மீறி அஞ்சும் மனச்சான்றும் அலட்சியமான மனச்சான்றும் இரு வேறு ஆபத்துகள். முன்னதற்கு அமைதியும் நிதானமும் தேவை. பின்னதற்குக் கூர்மை தேவை. ஓயாத குற்றவுணர்வு உள்ளவர் இப்பயிற்சியைத் தனியே தொடராமல், ஆன்ம வழிகாட்டி ஒருவரின் துணையோடு செய்வது நலம்.

தற்காலப் போக்கு

1972இல் அமெரிக்க இயேசு சபைக் குரு ஜார்ஜ் ஆசென்பிரென்னர் எழுதிய கட்டுரை, குற்றங்களை எண்ணுவதைவிட, அன்றாட வாழ்வில் கடவுள் எவ்வாறு செயல்படுகிறார் என்பதை உணர்வதற்கு முதன்மை அளித்தது. அன்றைய நாளில் மகிழ்ச்சி தந்தது எது, மனத்தை வறட்சியாக்கியது எது, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போன்ற கேள்விகள் இன்று பயன்படுகின்றன. பத்துப் பதினைந்து நிமிடங்கள் இதற்குப் போதும். அடுத்த நாள் ஒருவரிடம் நடந்துகொள்ளும் விதம் சிறிதளவேனும் மாறினால், சோதனை தன் பயனை அடைந்ததாகக் கொள்ளலாம்.