பூட்டா, கோட்டையா?

ரஷ்ய மொழியில் பூட்டுக்கும் கோட்டைக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான் என்றால் நம்ப முடிகிறதா? முதல் அசையை அழுத்தி 'ஸாமக்' என்றால் கோட்டை; இரண்டாவதை அழுத்தி 'ஸமோக்' என்றால் பூட்டு. தமிழில் குறிலும் நெடிலும் எழுத்திலேயே தெரிந்துவிடும். ரஷ்ய நாளிதழிலோ நாவலிலோ அழுத்தம் எங்கே விழும் என்று காட்டும் குறி பொதுவாக இருப்பதில்லை. போதாததற்கு, அழுத்தம் விழாத 'ஒ' பெரும்பாலும் 'அ' போலவே ஒலிக்கும். பாலுக்கு 'மொலொகோ' என்று எழுதி, 'மலகோ' என்று சொல்கிறார்கள். கேட்க எவ்வளவு இனிமை!

இணையக் கருவிகள் உண்மையாகவே கைகொடுப்பது இங்கேதான். 'ஓப்பன் ரஷ்யன்' என்ற இணைய அகராதி, அழுத்தம் விழும் உயிரெழுத்தின் மேல் சிறு கோடு போட்டுக் காட்டுகிறது. 'ஃபோர்வோ' தளத்திலோ, ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சொற்களைத் தங்கள் குரலிலேயே பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். பல சொற்களை ஆண் குரலிலும் பெண் குரலிலும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். டுவோலிங்கோ போன்ற மொழி கற்கும் செயலியில் புதுச் சொல் வந்ததும், அகராதியில் அழுத்தக் குறியைப் பார்த்து, குரலைக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் அழுத்தம் சொல்லோடு சேர்ந்தே மனதில் பதியும்.