தாடி ஓணானுக்குச் சூடு மேலிருந்து வர வேண்டும், ஏன்?

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துத் தாடி ஓணானை இன்று பல நாடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்கள். அதன் உடல் போதிய சூட்டைத் தானே உண்டாக்காது. வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் தின்றது செரிக்கும்.

மின்சாரத்தில் சூடாகும் கல் ஒன்றை உள்ளே வைத்தால் போதாதா?

தோசைக்கல்லில் ஊற்றிய மாவை நினைத்துப் பாருங்கள். அடி கருகும், மேற்புறம் வேகாமலே இருக்கும். ஓணானுக்கும் அதேதான்: முதுகு குளிர்ந்தே இருப்பதால் கல்லைவிட்டு நகராது, வயிறு வெந்துவிடும். பரிதாபமான காயம் அது.

ஹாலஜன் விளக்கின் அகச்சிவப்புக் கதிர்களோ வெயிலைப் போல முதுகில் விழுந்து, தோலைத் தாண்டி உள்ளே இறங்கும். விளக்கை ஒரு கோடியில் மட்டும், ஓணானுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். அதன் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸ், மறுகோடியில் 25. போதுமென்றால் ஓணானே நகர்ந்துகொள்ளும்.

தெர்மோஸ்டாட் பொருத்தாமல் எந்த வெப்பக் கருவியையும் இயக்காதீர்கள்.