நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் அவற்றின் தொழிற்பாடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலுள்ள பண்டத்தரிப்பு, மேனாட்டு மருத்துவம் ஈழத்தில் வேரூன்றிய வரலாற்றிலே குறிப்பிடத்தக்க ஓர் ஊராகும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் என்னும் மருத்துவர் 1820ஆம் ஆண்டில் இவ்வூரில் தங்கி மருத்துவத் தொண்டினைத் தொடங்கினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடமையாது, மாணாக்கர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைப் போதித்தார். இரணவைத்தியம், இந்து பதார்த்த சாரம் முதலாய நூல்களையும் வெளியிட்டார். ஆயினும், சீழ்கொண்ட புண், நெருப்புக்காய்ச்சல், சயரோகம் என்பவற்றுக்குக் காரணமான கிருமியை நோயாளியின் உடலினுள்ளேயே அழிக்கவல்ல மருந்து இவ்விருவர் கையிலும் இருந்ததில்லை. அத்தகைய மருந்து உலகிற்குக் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டிலேயாம்.

கிருமியைக் கொல்வது அரிய செயலன்று. கொதிநீரும் காபோலிக்கமிலமும் அதனைச் செய்யும். நோயாளிக்கு ஊறு நேராவண்ணம் கிருமியை மாத்திரம் கொல்வதே அரிது. மனிதவுடற் கலத்திற்கும் பற்றீரியாவின் கலத்திற்கும் அமைப்பிலே சில வேறுபாடுகள் உள. அவ்வேறுபாடுகளை இலக்காகக் கொண்டு தாக்குவதே நுண்ணுயிர்க்கொல்லிகளின் தத்துவமாகும். எவ்விலக்கைத் தாக்குகின்றன என்பது கொண்டு அவற்றை வகுத்தறிதல் எளிது.

முதலாவது இலக்கு கலச்சுவர். பற்றீரியாவைச் சூழ்ந்து உறுதியான சுவரொன்றுண்டு. மனிதக் கலத்திற்கு அத்தகைய சுவரில்லை. 1928இல் இலண்டன் சென் மேரி மருத்துவமனையில் அலெக்சாந்தர் பிளெமிங் கண்ட பெனிசிலின், இச்சுவரின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியத்தைச் செயலிழக்கச் செய்கின்றது. வளர்கின்ற பற்றீரியா தன் சுவரைப் புதுப்பிக்க இயலாது, உள்ளே புகும் நீரின் அமுக்கத்தால் வெடித்தழிகின்றது. ஆகவே பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளிடத்தேயே பெனிசிலின் வலிமை மிக்கது. சார்டீனியாத் தீவிலே கழிவுநீர் கடலிற் கலக்குமிடத்தில் 1945இல் யோசேப்பே புரொட்சு கண்டெடுத்த பூஞ்சணத்திலிருந்து பிறந்த செபலோஸ்போரின் வகையும் இவ்வாறே தொழிற்படுவது.

பெனிசிலினுக்கு ஒரு குறைபாடுண்டு. சிறுநீரகம் அதனை விரைந்து வெளியேற்றிவிடும். குருதியிலுள்ள அளவு ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பாதியாகக் குறையும். 1941இல் ஒக்ஸ்போர்ட் நகரிலே புளோரி, செயின் குழுவினர் காவலர் ஒருவருக்கு இம்மருந்தை ஏற்றியபோது நோய் தணியத் தொடங்கியது. மருந்து போதாமையால் அவர் சிறுநீரிலிருந்தே அதனைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர். ஈற்றில் மருந்து தீர்ந்தது, நோய் மீண்டது, காவலரும் இறந்தார். மருந்தின் வன்மை எத்தகையதாயினும், வேண்டிய அளவு வேண்டிய காலமெல்லாம் குருதியில் நில்லாவிடின் பயனில்லை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. பெனிசிலின் வகை மருந்துகளை ஆறு அல்லது எட்டு மணிக்கொரு முறை உட்கொள்ளுமாறு விதிப்பதன் காரணம் இதுவேயாம்.

இரண்டாவது இலக்கு, புரதத்தை ஆக்கும் இறைபோசோம் என்னும் நுண்ணிய உறுப்பு. பற்றீரியாவின் இறைபோசோம் மனிதக் கலத்தின் பெரும்பாலான இறைபோசோம்களிலும் சிறியது, அமைப்பிலும் வேறுபட்டது. 1943இல் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் அல்பேட் சாட்ஸ் பிரித்தெடுத்த ஸ்ரெப்ரோமைசின் இதிற் படிந்து, பிழையான புரதங்கள் உருவாகச் செய்து கிருமியைக் கொல்லும். இது குடலில் உறிஞ்சப்படாமையால் ஊசிமூலமே ஏற்றப்படும். செவிப்புலனையும், உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவியுறுப்பையும் தாக்கவல்லது. இவ்வினத்ததாகிய ஜென்ராமைசின் சிறுநீரகத்திற்குக் கேடு செய்யக்கூடுமாதலின், நோயாளியின் சிறுநீரக நிலையறிந்தே அதன் அளவைத் தீர்மானிப்பர். பெனிசிலினுக்கு மாறாக, இவ்வினத்தின் ஆற்றல் குருதியில் எய்தும் உச்ச அளவைப் பொறுத்தது. எனவே பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை ஏற்றினாலே போதுமாகும்.

ரெற்றாசைக்கிளின் வகையும் இறைபோசோமையே தாக்குவதாயினும், கிருமியைக் கொல்லாது அதன் பெருக்கத்தைத் தடைசெய்யும். எஞ்சிய வேலையை உடலின் இயற்கைக் காவலே முடிக்கும். இவ்வகையின் முதல் மருந்தாகிய ஓரியோமைசின் 1948இல் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் பெஞ்சமின் டகரால் வெளிப்படுத்தப்பட்டது. அங்கு ஆராய்ச்சியை நெறிப்படுத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பராவ் என்பது இந்நாட்டவர் அறிந்திருக்கவேண்டிய செய்தியாகும். ரெற்றாசைக்கிளின் கல்சியத்தோடு பிணையும் இயல்பினது. அதனைப் பாலுடன் உட்கொண்டால் உடலிற் சேரும் அளவு குறையும். வளரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பற்களிற் படிந்து நிறத்தைக் கெடுக்கும். எரித்திரோமைசினும் குளோரம்பெனிக்கோலும் இறைபோசோமின் மற்றொரு கூற்றைத் தாக்குவன. பின்னையது நெருப்புக்காய்ச்சலை வென்ற முதல் மருந்து; ஆயினும் அரிதாகக் குருதி ஊறும் என்புமச்சையையே அழித்துவிடுமென அறியப்பட்டபின் அதன் வழக்குச் சுருங்கியது.

மூன்றாவது இலக்கு பரம்பரைப் பொருளாகிய டீ.என்.ஏ. சிப்புரோபுளொக்சசின் முதலாயவை, பற்றீரியா தன் டீ.என்.ஏ. இழையின் முறுக்கை அவிழ்க்கப் பயன்படுத்தும் நொதியத்தைத் தடுப்பன. இவை பூஞ்சணத்திற் பிறவாது ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கப்பட்டவை.

இவ்வகுப்புகளை அறிதல் மாணவர் தேர்வுக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. யாழ்ப்பாணத்தில் மாரிகாலத்துக் காய்ச்சல் பலவகைப்படும். டெங்குக் காய்ச்சல் வைரசினால் வருவது. வைரசுக்குக் கலச்சுவருமில்லை, சொந்த இறைபோசோமுமில்லை. ஆகையால் மேற்கூறிய மருந்துகளில் எதுவும் அதனைத் தீண்டாது. எலிக்காய்ச்சல் பற்றீரியாவால் வருவது. 2024 டிசம்பரில் இக்குடாநாட்டில் அது பரவி உயிர்களைக் கொண்டது. காலத்தே கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளினும், நோய் முற்றியவிடத்துப் பெனிசிலின் ஊசியும் அதற்குரிய மருந்துகளாம். உண்ணியினப் பூச்சிகளால் வரும் ஸ்கிறப் தைபசு என்னும் காய்ச்சலின் கிருமியோ மனிதக் கலத்தினுள்ளே ஒளிந்து வாழ்வது. பெனிசிலின் அதனிடம் செல்லாது, டொக்சிசைக்கிளின் செல்லும். மூன்றும் தொடக்கத்தில் ஒரே தன்மையான காய்ச்சலாகவே தோன்றும். வீட்டில் எஞ்சிக்கிடந்த வில்லைகளை மருத்துவரைக் கேளாது விழுங்குவோன் டெங்குவிற் பயனின்றியும், ஸ்கிறப் தைபசில் பொருந்தா மருந்தாலும் காலத்தை இழப்பான்; அவ்விழப்பு உயிரிழப்பாகவும் முடியலாம்.

அதனினும் பெருங்கேடு மற்றொன்றுண்டு. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் சில பற்றீரியாவில் உண்டென்பது 1940இலேயே அறியப்பட்டது. குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது எதிர்க்கப் பழக்கிவிடுமெனப் பிளெமிங் 1945இல் நோபெற் பரிசு பெற்றபோது எச்சரித்தார். சயரோகத்திற்கு ஸ்ரெப்ரோமைசின் ஒன்றையே தனித்துக் கொடுத்தபோது, சில திங்களுள் அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் தோன்றின. எனவே மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தல் விதியாயிற்று. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட சயரோக மருத்துவ ஆய்வுநிலையம், இரு மருந்துகளை ஓராண்டு ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தே ஏழை நோயாளரும் மருத்துவமனையில் இருப்போர்க்கு நிகராகக் குணமடைவர் என 1959இல் உலகிற்குக் காட்டியது. ஒழுங்கு தவறியவிடத்து நேர்வதையும் உலகம் கண்டுவருகின்றது: 2019இல் மாத்திரம் மருந்துகளை எதிர்க்கும் பற்றீரியாவால் நேரடியாக இறந்தோர் தொகை ஏறக்குறைய பன்னிரண்டு இலட்சத்து எழுபதினாயிரம் என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்னும் நால்வகைக் கூறுகளையும் ஒருங்கே வைத்து எண்ணினார். ஸ்கடரும் கிறீனும் வாழ்ந்த காலத்தில் அந்நான்கனுள் மருந்து ஒன்றே குறைவாயிருந்தது. இற்றைநாளில் மருந்து குறைவின்றி உண்டு. அதனை விதித்த அளவில், விதித்த நாள்வரை, தனக்கென விதிக்கப்பட்ட நோய்க்கு மாத்திரம் உட்கொள்ளும் ஒழுக்கமே வேண்டப்படுவது. அவ்வொழுக்கம் தவறுமாயின், பண்டத்தரிப்பில் 1820இல் இருந்த மருந்தற்ற நிலை இந்நூற்றாண்டில் மீண்டும் வந்தெய்துதல் கூடும்.