ஓய்வு நாட்களில் ஜெனரேட்டர்ப் பாதுகாப்பு

2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பின்னிரவில் வட இந்திய மின்தொகுப்பு செயலிழந்தது. மறுநாள் பிற்பகலில் வட, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் ஒருசேர வீழ்ந்தன. டில்லியில் மெட்ரோ இரயில்கள் நின்றன. அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பில் மின்சாரம் இல்லை. இத்தகைய நாட்கள் அரியவை. ஆதலின், அவற்றிற்கென வாங்கப்பெறும் சிறு பெட்ரோல் ஜெனரேட்டர் பல மாதங்கள் மூலையிலேயே கிடக்கின்றது. தேவைப்படும் நாளில் அது இயங்க மறுப்பதற்குக் காரணம், பெரும்பாலும் உழைப்பினால் வந்த தேய்வன்று. ஓய்வில் வைத்த முறையே.

பெட்ரோலின் இலேசான பகுதிகள் எளிதில் ஆவியாகின்றன. எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து பிசின்போல் படிகின்றது. கார்புரேட்டரின் ஜெட் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகியது. அதனை அடைக்கச் சிறிது பிசினே போதும்.

இக்காலத்துப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலக்கப்படுகின்றது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. டில்லியின் மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுதி. ஈரம் அளவு மீறினால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலினின்று பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சினுக்கு முதலில் செல்வது அந்த அடிநீரே. ஆசிரியர்கள் இதனைத் திறந்த வெளியில், நெருப்புக்கு அப்பால், தாமே செய்து காட்டலாம். அளவுக் குழாயில் 50 மில்லிலிட்டர் பெட்ரோலும் 50 மில்லிலிட்டர் நீரும் ஊற்றிக் கலக்கித் தெளியவிட்டால், எத்தனால் நீரோடு சேர, கீழ்ப்படலம் ஏறத்தாழ 60 வரை உயர்ந்து நிற்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் இயந்திரத்தை நிறுத்திவைப்பதாயின், பின்வருமாறு செய்தல் வேண்டும். எஞ்சின் ஆறியபின் தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்தல். பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிடுதல். ஆறியபின் கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி எஞ்சியதையும் வடித்தல். பின்னர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இருமுறை மெல்ல இழுத்துப் பிளக்கைப் பூட்டல் வேண்டும். இறுதியாக, கயிறு இறுகும் நிலை வரை இழுத்து நிறுத்தினால் வால்வுகள் இரண்டும் மூடிக்கொள்ளும், ஈரம் உட்புகாது.

இயந்திரம் இயங்க மறுத்தால், ஒழுங்காக ஆராய்தல் நன்று. முதலில் ஆயில் மட்டம்: அது குறைந்தால் சில இயந்திரங்கள் தாமே நின்றுவிடும். அடுத்து, புதிய பெட்ரோல். அதன்பின் கயிற்றைச் சில முறை இழுத்துப் பிளக்கைக் கழற்றி நோக்குக. அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்க. நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்தது, அல்லது பொறி எழவில்லை. பிளக்கைத் துடைத்து உலர்த்தியோ மாற்றியோ பார்க்க. சோக்கை மூடினால் மட்டும் ஓடுமாயின் ஜெட் அடைபட்டது எனலாம். சிறிது நேரம் ஓடி நின்றால், தொட்டி மூடியின் காற்றுத் துளையை நோக்குக. எஞ்சின் ஓடியும் மின்சாரம் வராவிடில், முதலில் பிரேக்கரைப் பார்க்க.

இவை இயந்திரத்தைக் காப்பன. உயிரைக் காப்பன இரண்டு. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றுகின்றது. டில்லிக் குளிரில் கதவுகளை அடைத்து வாழ்வோர், அறையிலோ தாழ்வாரத்திலோ ஜெனரேட்டரை ஓட்டுதல் ஒருபோதும் கூடாது. வெளியே, சன்னல்களுக்கு 6 மீட்டருக்கு அப்பால் அது நிற்றல் வேண்டும். இரண்டாவதாக, மாற்றுச் சுவிட்சு இன்றி வீட்டுக் கம்பியோடு அதனை இணைத்தலாகாது; வெளிக் கம்பியில் பாயும் மின்சாரம், அங்கே பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைப் போக்கும்.

கடைசியாகப் பெட்ரோல் வடித்த நாளையும் ஆயில் மாற்றிய நாளையும் ஒரு சீட்டில் எழுதி இயந்திரத்தில் கட்டிவைத்தல், அடுத்து அதனை இயக்குபவர்க்குப் பேருதவியாகும்.