மேகத்துக்குள்ளே ஓர் ஊர் – மாஞ்சோலை



லீவு முடிந்து வந்ததும் "ஊட்டிக்குப் போனோம்லா", "கொடைக்கானலுக்குப் போனோம்லா" என்று பெருமையாகச் சொல்லுவோம். ஆனால் நம்ம மாவட்டத்திலேயே ஒரு மலைநாடு இருக்கிறது. என் ஆச்சி அங்கே 30 வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர்கள். அவர்களிடம் கேட்டதையும் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எங்கே இருக்கிறது?

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறை செக்போஸ்ட்டைக் கடந்து, வளைந்து வளைந்து மேலே ஏற வேண்டும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக எஸ்டேட்டுகள். கீழே அம்பாசமுத்திரத்தில் வெயில் கொளுத்தும்போது மேலே ஸ்வெட்டர் போட வேண்டும்! வடகிழக்குப் பருவமழை நாட்களில் ரேடியோவிலும் டிவியிலும் "ஊத்து, நாலுமுக்கு" என்று மழை அளவு சொல்லுவார்களே, அந்த ஊர்கள்தான் இவை. இந்த மலைத் தண்ணீர் மணிமுத்தாறாக ஓடி, 1958-இல் கட்டி முடித்த அணையில் நிறைந்து, பிறகு தாமிரபரணியில் சேர்கிறது.

எஸ்டேட் எப்படி வந்தது?

இந்தக் காடு முன்பு சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தம். திருவிதாங்கூர் மன்னருக்குச் செய்த உதவிக்குப் பரிசாகக் கிடைத்தது என்று சொல்லுவார்கள். 1929-இல் ஜமீன் சுமார் 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். 1863-இல் தொடங்கி, பர்மாவில் தேக்கு வியாபாரம் செய்த கம்பெனி அது. காட்டைத் திருத்தித் தேயிலை போட்டார்கள். காபி, ஏலம், மிளகும் உண்டு. 1952-இல் ஜமீன் ஒழிப்பில் நிலம் அரசுக்குப் போனது. ஆனாலும் குத்தகை தொடர்ந்தது.

கொழுந்து டீத்தூள் ஆவது எப்படி?

"ரெண்டு இலை, ஒரு மொட்டு. அதுக்கு மேல முத்துன இலையக் கிள்ளுனா எடையில கழிச்சிருவாவ" என்பார்கள் ஆச்சி. பறித்த கொழுந்து அன்றைக்கே ஃபாக்டரிக்குப் போக வேண்டும். முதலில் வாட விடுவார்கள். பிறகு மிஷினில் நசுக்குவார்கள். காற்றுப்பட்டு அது செம்பு நிறமாகும். கடைசியில் சூட்டில் உலர்த்திச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். செடி மரமாகிவிடாமல் இருக்கச் சில வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்ட வேண்டும்.

வாழ்க்கை எப்படி?

வரிசை வரிசையாக லைன் வீடுகள். நெல்லைச் சீமையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். கோயில் கொடை என்றாலும் கிறிஸ்துமஸ் என்றாலும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஆஜர். "காலுல அட்ட கடிச்சா வேல முடியுற வர தெரியாது, ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியும்" என்று ஆச்சி சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள்.

ஒரு சோக நாளும் உண்டு. 1999 ஜூலை 23. தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காகவும், சிறையில் இருந்தவர்களை விடுதலை செய்யக் கேட்டும் திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு.

குத்தகை முடிகிறது

குத்தகை 2028 வரை. இந்த மலையைச் சுற்றி இருப்பது 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். குத்தகை முடிந்தால் நிலம் காட்டுக்குத்தான். 2024 ஜூனில் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது. அரசே எஸ்டேட்டை எடுத்து நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்த டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையில் டோர்பெல் என்று ஒரு கிராமம். மேய்ச்சல் நிலம் ஊருக்கே பொது. 1483-லேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் மேலே ஓட்டலாம் என்று பிறகு சட்டமும் போட்டார்கள். நிலம் ஊருடையது, அதனால் ஊர் நிலைத்தது. மாஞ்சோலையிலோ நிலம் முதலில் ஜமீனுடையது, பிறகு அரசுடையது, வீடு கம்பெனியுடையது. நாலு தலைமுறை உழைத்தவர்கள் கையில் ஒரு சென்ட் பட்டா கூட இல்லை. வேலை போனால் வீடும் போச்சு.

காடு திரும்பி வரட்டும். சிங்கவால் குரங்குக்கும் இடம் வேண்டும், நம் ஆற்றுக்கும் தண்ணீர் வேண்டும். "காடு நல்லா இருக்கட்டும்யா, வேண்டாம்னு யாரு சொன்னா? எங்களுக்குப் பொழைக்க ஒரு வழியும் படுக்க ஒரு வீடும் வேணும்லா" என்கிறார்கள் ஆச்சி. இரண்டும் நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது. மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகள் யாராவது நம் வகுப்பில் சேர்ந்தால், பக்கத்தில் இடம் கொடுத்து உட்கார வையுங்கள். மேகத்துக்குள்ளே பள்ளிக்கூடம் போன கதை அவர்களிடம் இருக்கும். கேட்டு, அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள்.



– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு